மரத்துப்போன கண்ணும் ஒரு படகு நம்பரும்

எங்கள் கரை ஏலத்தில் மீனை நிறுத்துக் காட்ட மாட்டார்கள். மணலில் கொட்டுவார்கள். சுற்றி நிற்கிற நாங்கள் கண்ணால் எடை போட வேண்டும். குவியல் நடுவில் எவ்வளவு உயரம், மேலே அழகுக்குப் பரப்பின பெரிய இறாலுக்குக் கீழே பொடி எவ்வளவு, எல்லாம் ஒரே பார்வையில். அந்தப் பார்வைக்கு இரண்டு கண்ணும் வேண்டும். ஒன்றை மூடிக்கொண்டு பாருங்கள், குவியல் தட்டையாகிவிடும். வலது கண் போன பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. அதுவரை ஏதோ என் மூளையால் ஏலம் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, பஸ்ஸில் பொன்னேரிக்குக் கொண்டுபோய்த் தெருத் தெருவாக விற்கிறவள் நான். கணவர் ஏரியில் வலை கட்டுகிறவர். அடுத்த வீட்டில் அவருடைய அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. எனக்கும் அவளுக்கும் நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே ஆகாது. எதற்காக என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது. அவள் கிழக்கு என்றால் நான் மேற்கு. நான் உப்பு போதும் என்றால் அவள் இன்னும் ஒரு கை போடுவாள். பின்னால் அவள் வேண்டியிருப்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் கரையில் கண் சிவப்பதை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. உப்புத் தண்ணீர், தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயில், காற்றில் மணல். எல்லார் கண்ணும் சிவப்புத்தான். படகில் பீடிக்கட்டோடு ஒரு சொட்டு மருந்துப் புட்டியும் கிடக்கும். யார் கண் எரிந்தாலும் அதில் இரண்டு சொட்டு. என் கண் சிவந்து தண்ணீர் கொட்டியபோது நானும் அதையே விட்டேன். சிவப்பு உடனே அடங்கியது. நல்ல மருந்து என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். அடுத்த வாரம் விளக்கைப் பார்க்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண் டாக்டர் ஓர் அம்மா. என் வயதுதான் இருக்கும். ஏதோ நிறச் சொட்டை விட்டு, நீல விளக்கு அடித்துப் பார்த்தார். கருவிழியில் செடிக் கிளை போலப் புண் இருக்கிறது என்றார். ஹெர்பிஸ் என்று பெயர் சொன்னார்.

"உதட்டுல கொப்புளம் வருதே, அதே வைரஸ்தாம்மா. சின்ன வயசுலயே உள்ள வந்து நரம்புல படுத்துக்கும். வெயில், ஜுரம், கவலைன்னு ஏதாவது சாக்கு கிடைச்சா எழுந்து வரும். நீங்க விட்ட சொட்டு மருந்துல சிவப்பு அடங்கும், ஆனா வைரஸுக்கு அது தீனி போட்ட மாதிரி."

"வெயிலும் கவலையும் இல்லாத நாள் எனக்கு எது டாக்டர்?" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

பக்கத்தில் நின்ற நர்ஸ், புரியட்டும் என்று, "அக்கி மாதிரிம்மா" என்று சொல்லிவிட்டார். அதோடு வந்தது வினை. அக்கி என்றால் எங்கள் பக்கம் செங்காவி குழைத்து எழுதினால் போய்விடும். மறுநாளே ஓரகத்தி என்னைக் கேட்காமல், எழுதுகிற பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் என் கண்ணைச் சுற்றிச் சிங்கம் மாதிரி ஒன்றை வரைந்தார். அந்தச் சிங்கத்தோடுதான் அடுத்த தடவை டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் அதைப் பஞ்சால் துடைத்துவிட்டுக் கண்ணைப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஓரகத்தி மேல் வந்த கோபம் அந்த மழைக்காலம் முழுக்கத் தீரவில்லை.

அது ஒரு தடவையோடு போகவில்லை. வருஷம் தவறாமல் வந்தது. வந்து போகும்போதெல்லாம் கருவிழியில் ஒரு வெள்ளைத் தழும்பை விட்டுவிட்டுப் போனது. பொன்னேரியில் ஒரு வீட்டு அம்மா, "உன் கண்ணே பழைய மீன் கண்ணு மாதிரி இருக்கு, மீன் புதுசுன்னு எப்படி நம்பறது?" என்றார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். அந்தத் தெருவுக்கு நான் அப்புறம் போகவில்லை.

ஒருநாள் டாக்டர் பஞ்சை நூலாகத் திரித்து, அதன் நுனியால் என் இடது கண்ணைத் தொட்டார். துள்ளிவிட்டேன். பிறகு வலது கண்ணுக்கு வந்தார். எப்போது தொடப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"தொட்டாச்சும்மா" என்றார்.

வைரஸ் அந்த நரம்பை மரக்க வைத்துவிட்டதாம். தூசி விழுந்தாலும் புண் வந்தாலும் அந்தக் கண்ணுக்கு இனி உறைக்காது. வலி இல்லாவிட்டால் நல்லதுதானே என்று என் கணவர் கேட்டார். அந்த நேரம் எனக்கும் அப்படித்தான் பட்டது.

கருவிழியை மாற்றலாம் என்றார்கள். இறந்துபோன யாரோ ஒருவருடைய கருவிழி. அதில் பொருத்தம் எதுவும் பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்கு, கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது, அதனால் வெளியாள் வந்திருக்கிறான் என்று உடம்புக்குச் சீக்கிரம் தெரியாது, பெரும்பாலும் யாருடையதும் நிற்கும் என்றார் டாக்டர். "ஆனா உங்க கண்ணுல தழும்போட சேர்ந்து ரத்தக்குழாயும் கொஞ்சம் உள்ள வந்திருக்கு. அதான் கவனமா இருக்கணும்."

ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த அன்று ஆஸ்பத்திரி சன்னல் கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்தன. அவ்வளவுதான், ஆனால் அதற்கே என் கணவர் அழுதுவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "மத்தவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா வலிக்கும், உறுத்தும், ஓடி வருவாங்க. உங்களுக்கு வலிக்காது. உடம்பு இந்தக் கண்ணை வேணாம்னு தள்ள ஆரம்பிச்சா, பார்வை மங்கறது ஒண்ணுதான் உங்களுக்கு அடையாளம். தினமும் காலைல நல்ல கண்ணை மூடிகிட்டு, தூரத்துல ஏதாவது ஒரு எழுத்தைப் பாருங்க. மங்கினா அன்னைக்கே வரணும். அன்னைக்கே வந்தா காப்பாத்தலாம்."

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, முளையில் கட்டி நிற்கும் எங்கள் படகு. முனையில் நம்பர் எழுதியிருக்கும். அதன் கடைசி மூன்று எண் ஆறு, ஒன்று, இரண்டு. அதைத்தான் பார்ப்பது என்று முடிவாயிற்று. தினமும் காலையில் வாசலில் நின்று இடது கண்ணைக் கையால் பொத்திக்கொள்வேன். கணவர் வலையை உதறிக்கொண்டே, "நம்பர் இன்னா?" என்பார். "ஆறு ஒண்ணு ரெண்டு" என்பேன். "செரி" என்பார். சாமி கும்பிடுகிற மாதிரி அது ஒரு பழக்கமாகிவிட்டது.

எங்கள் ஏரியில் வலை கட்டுவதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் ஊரார் முறை வைத்திருக்கிறார்கள். முறை வந்தவர்கள் படகை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் வலை கட்டுவார்கள். முறை முடிந்து திரும்புகிறவர்கள் காலியான முளையில் தங்கள் படகைக் கட்டுவார்கள். எங்கள் முறை வந்தது. கணவர் விடிவதற்கு முன்பே பசியாவரம் பக்கம் போய்விட்டார். ஆனாலும் மறக்காமல் அங்கிருந்து போன் பண்ணினார்.

"நம்பர் பாத்தியா?"

வாசலுக்கு வந்து கண்ணைப் பொத்திக்கொண்டேன். எதிரே படகு நின்றது. "பாத்தேன். ஆறு ஒண்ணு ரெண்டு. நல்லா தெரிது" என்றேன்.

எப்போதும் வருகிற செரி வரவில்லை. துண்டித்துவிட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"நான் அந்தப் படகுலதான்மே குந்திகினு கீறேன்" என்றார்.

கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாலும் பார்த்தேன். முளையில் நின்றது வேறு யாருடைய படகோ. நிறமே வேறு. நம்பரும் வேறு. நான் எத்தனை நாளாகப் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய் சொல்லவில்லை. கண்ணைப் பொத்தினால் எனக்கு அந்த எண்கள் தெரிந்தன. அவை படகிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கே ஓடினோம். மணிக்கு மணி சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். ஒட்டின கருவிழி தெளியவில்லை. உடம்பு தள்ளிவிட்டது, நாள் கடந்துவிட்டது என்றார் டாக்டர். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழவில்லை. கோபம்கூட வரவில்லை, எனக்குக் கோபம் வராத நாள் எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஏலத்துக்குப் போவேன், தட்டையான குவியலைப் பார்ப்பேன், மற்றவர்கள் கேட்கிற விலைக்குக் கொஞ்சம் மேலே கேட்பேன். நஷ்டம் வந்தால் வந்தது. படகிலிருந்து பலகையில் கால் வைக்கும்போது பலகை இருக்கிற இடத்தில் இருக்காது. விழுந்தேன், எழுந்தேன். முழங்காலில் ரத்தம் வந்ததைக் கணவர் சொல்லித்தான் பார்த்தேன். கண் மரத்தது போதாதென்று மனசும் சேர்ந்து மரத்துவிட்டது. ஒரு கண் இருக்கிறதே என்று ஊரே ஆறுதல் சொன்னது. ஆமாம் இருக்கிறது என்று நானும் சொன்னேன்.

இரண்டாவது தடவை மாற்றலாமா என்று டாக்டர்தான் கேட்டார். எனக்கு இஷ்டமும் இல்லை, இஷ்டமில்லாமலும் இல்லை. "உங்க கண்ணுல இப்ப ரத்தக்குழாய் நிறைய வந்துடுச்சு. உடம்பு ஒரு தடவை தள்ளியும் பழகிடுச்சு. அதனால இந்தத் தடவை திசுப் பொருத்தம் பாக்கலாம்னு நினைக்கறேன்" என்றார். நம் உடம்பில் அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி என்று அடையாளங்கள் வருமாம். அதே அடையாளங்கள் கூடியமட்டும் ஒத்துவருகிற ஒருவருடைய கருவிழி கிடைத்தால் உடம்பு அதை அவ்வளவு சீக்கிரம் அந்நியமாக நினைக்காது.

"அப்ப நிச்சயமா நிக்குமா?" என்றார் கணவர்.

"நிச்சயம்னு சொல்லமாட்டேன். பொருத்தம் பாத்தா நல்லா தாக்குப்பிடிக்குதுன்னு சிலர் சொல்றாங்க. பெரிய வித்தியாசம் இல்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அது ஒத்துவந்தாலும் வைரஸ் திரும்பி வரலாம், அதுக்கு மாத்திரை விடாம சாப்பிடணும். ஆனா இதுவும் போச்சுன்னா மூணாவது தடவை நான் கை வைக்கமாட்டேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதற்காகவே பொருத்தம் பார்க்க ரத்தம் கொடுத்தேன்.

செய்தி கேட்டு ஓரகத்தி வந்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை, அவளும் வரவில்லை. "நானும் உனக்கு ஒரு வழியில மாமன் பொண்ணுதானே. என்னுது ஒத்துவருமான்னு கேட்டியா?" என்றாள்.

"உசுரோட கீறவங்ககிட்ட எடுக்கமாட்டாங்க."

"செத்தா எடுத்துக்கோ. ஆனா நம்ம ரெண்டு பேருக்கும் எந்தக் காலத்துல ஒத்துவந்துச்சு!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் போன பிறகுதான் சிரித்தேன்.

காத்திருந்தோம். ஒரு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கருவிழி வந்திருக்கிறது, ஆனால் பொருத்தம் சரியாக இல்லை, வேறு ஒருவருக்கு வைக்கப்போகிறோம், இன்னும் பொறுங்கள் என்றார்கள். கணவர் தலையில் அடித்துக்கொண்டார். கைக்கு வந்ததை விடுவதா என்றார். நான் மீனுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன், உடைத்து முடித்தேன். அப்புறம் ஒரு நாள், பொன்னேரித் தெருவில் கூடையோடு நிற்கும்போது மறுபடி போன் வந்தது. உடனே வாருங்கள் என்றார்கள். மிச்ச மீனை, வாங்க வந்த அம்மாவிடமே கூடையோடு கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். ஏதோ ஒரு வீட்டில் அழுகைக்கு நடுவில் ஒருத்தர் சரி என்று தலையாட்டியிருக்கிறார். அந்த வீட்டுக்கும் எனக்கும் உடம்பில் ஏதோ ஒன்று ஒத்துப்போகிறது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. கணவர் வலையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓரகத்தி குரல் கொடுத்தாள்.

"நீ தள்ளுப்பா. அவ இன்னா சொன்னாலும் செரின்னு சொல்லிடுவே நீ. இனிமே நான் கேக்கறேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் சொல்வது தப்பு என்று நிரூபிக்க இத்தனை வருஷமாகக் காத்திருப்பவள் அவள் ஒருத்திதான். அந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் ஊரில் கிடையாது.

அவள் படகு நம்பரைத் தொடவே இல்லை. தண்ணீர் ஓரம் போய் நின்று ஒரு மீனைத் தூக்கிக் காட்டுவாள். மடவையா, கிழங்கானா என்று நான் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சொல்ல வேண்டும். ஒரு நாள் நண்டு, ஒரு நாள் கிழிந்த வலைத் துண்டு, ஒரு நாள் வெறும் கையை மீன் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமில்ல, கையைக் காட்டி ஏமாத்தறே" என்று கத்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மழை நாளில் குடையோடு வந்தாள். அவள் வீட்டில் பெண்ணுக்கு நிச்சயம் நடந்த அன்றும் பட்டுச்சேலையோடு வந்து இறாலைத் தூக்கிக் காட்டினாள். நாங்கள் வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

கோடையில் அனுப்பம்பட்டில் அம்மா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். திரும்பும்போது ரயிலில் சன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன். வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் ஓரகத்தி நின்றுவிட்டாள்.

"கண்ணு செவந்து கீதே?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கண்ணில் எனக்கு என்ன தெரியும்? கண்ணாடியில் பார்த்தேன். சிவந்துதான் இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்றாள். பயமாக இருந்தது. பயம் வந்ததே என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

விடிந்ததும் வந்தாள். மீன் எதுவும் கொண்டுவரவில்லை. என் பின்னால் நின்று, தன் உள்ளங்கையால் என் இடது கண்ணை அழுத்திப் பொத்தினாள்.

"உங்க படகு கரை ஏத்தி கீது பாரு. நம்பர் சொல்லு."

பார்த்தேன். படகு தெரிந்தது. பச்சை தெரிந்தது. முனையில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே நம்பர் இருக்கிற இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆறு ஒண்ணு ரெண்டு என்று நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் முடிந்தது. சொன்னால் இன்னும் ஒரு நாள் எனக்கு இரண்டு கண் இருக்கும்.

"நம்பர் தெரியலக்கா" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. "படகு தெரிதா?"

"தெரிது. பச்சை. முனையில மஞ்சக் கோடு. நம்பர் மட்டும் தெரியல. போச்சுக்கா. இதுவும் போச்சு."

கையை எடுத்துவிட்டாள். "இன்னா எழவுக்குத் தெரியும்? நம்பரே இல்ல. நீ ஊர்ல இல்லாதப்ப பெயிண்ட் அடிச்சாங்க. காஞ்சப்புறம் எழுதிக்கலாம்னு வுட்டு வெச்சிருக்கான் உன் புருஷன்."

இரண்டு கண்ணாலும் பார்த்தேன். புதுப் பச்சைப் பெயிண்ட். மஞ்சள் கோடு. அதற்குக் கீழே வெறும் பச்சை.

"ஆறு ஒண்ணு ரெண்டுன்னு சொல்லிடுவியோன்னு ராவெல்லாம் தூங்கலடி நான்" என்று சொல்லிவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவள் மாமியார் செத்தபோதுகூட அவள் அழவில்லை, எனக்கும் அவர்தான் மாமியார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் இடது கண் எரிந்தது. வலது கண்ணில் ஒன்றும் இல்லை, எப்போதும் போல. கொஞ்ச நேரம் கழித்து வலது கன்னத்தில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. எறும்பு என்று நினைத்துக் கையால் தட்டினேன். கை ஈரமாக இருந்தது.

"துடைக்காத, தொடாத, கைல மண்ணு" என்று அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வருகிற வரைக்கும் விடவில்லை.